தாண்டிப்போன தட்டு

என் அம்மா சுட்ட அப்பத்தை ஏழு வருஷம் சபை முழுக்கத் தின்றது. அம்மா மட்டும் தின்னவில்லை. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஏழு வருஷமும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஓர்மை இல்லை.

திருவனந்தபுரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அப்போது கொஞ்சம் பேர்தான். சர்க்கார் கச்சேரி வேலைக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, வாடகை வீடு பிடித்து, அப்படியே தங்கிப்போனவர்கள். தெருவில் மலையாளம், வீட்டில் தமிழ், கோயிலில் வேதப்புத்தகத் தமிழ் என்று மூன்று நாக்கோடு வளர்ந்தோம். இன்றைக்கு ரயில் வந்து நிற்கிற தம்பானூர் அன்றைக்கு வயல். மழைக்காலத்தில் கோயிலுக்குப் போகிறபோது அந்தப் பக்கத்துத் தவளைச் சத்தம் பாதி வழி கூடவே வரும். முதல் உலகச் சண்டை முடிந்து, மைதா மாவு மறுபடி ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். காலை ஒன்பது மணிக்கு நடக்கிற காரியத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று சின்ன வயதில் கேட்டு அப்பாவிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன். ஆண்டவர் சீஷர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நாங்களும் ஒரு துண்டு அப்பமும் ஒரு வாய் திராட்சரசமும் எடுப்போம். மற்ற சபைகளில் முன்னால் போய் முழங்காலில் நிற்பார்களாம். எங்கள் சபையில் அது கிடையாது. எல்லாரும் பலகையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். சபை வேலைக்குத் தேர்ந்தெடுத்த டீக்கன்மார் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வருவார்கள். தட்டு உங்கள் முன்னால் வரும், நீங்கள் எடுப்பீர்கள், அடுத்தவருக்குப் போகும். எடுக்கக்கூடாதவர்கள் முன்னால் தட்டு நிற்காது. தாண்டிப் போய்விடும்.

அம்மாவின் வரிசைக்குத் தட்டு எடுத்துக்கொண்டு வருகிற டீக்கன் என் அப்பா.

அப்பத்தைச் சுடுவது அம்மா. மிஷன் பங்களாவிலிருந்த துரைசாணியம்மாள் ஊருக்குத் திரும்பிப் போகும்போது அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன வேலை. ஊரில் ரொட்டி சுடுகிற கடைகள் இருந்தன. ஆனால் கடை ரொட்டி இராப்போஜனப் பந்திக்கு ஆகாது என்று சபைக் கமிட்டியில் ஒரு பிடிவாதம். அம்மா வெள்ளிக்கிழமையே மாவைப் பிசைந்து வைப்பாள். கனத்த இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடியின் மேலே சிரட்டைத் தணலைக் கொட்டுவாள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. மாவு பொங்குவதற்குக் கொஞ்சம் கள் ஊற்ற வேண்டும். மதுவிலக்குப் பிரசங்கம் செய்து தொண்டை கட்டிய எங்கள் ஐயருக்கு இது தெரியுமா தெரியாதா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை மத்தியானம் சட்டியைத் திறந்தால் வீடு முழுக்க வாசனை எழும். நாங்கள் பிள்ளைகள் மூக்கை மட்டும் நீட்டலாம், கையை நீட்டக்கூடாது. பந்திக்குப் போகிற அப்பத்தில் ஒரு பொருக்குகூட வீட்டில் யார் வாயிலும் படாது. அது அம்மாவின் சட்டம்.

இப்படிப்பட்டவளைப் பந்தியிலிருந்து நிறுத்திவைக்கும்படி என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சோறுதான் நடந்தது.

அம்மா பிறந்தது சாலைக் கடைத்தெருவில், நாஞ்சில் நாட்டு இந்துக் குடும்பத்தில். அவளுடைய அப்பா, அதாவது எங்கள் பாட்டா, அரிசி மண்டி வைத்திருந்தவர். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள், பத்தொன்பது வயதில் வேதத்தில் சேர்ந்தாள், பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ‘இனி இந்த வீட்டில் உனக்குச் சோறு கிடையாது’ என்று பாட்டா சொன்னார். சொன்ன சொல்லில் நின்றார். எங்கள் வீட்டுக்கும் மண்டிக்கும் ஒரு மைல் தூரம்கூட இருக்காது. பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு மைலை யாரும் நடக்கவில்லை.

பாட்டா செத்துப்போனபோது எனக்குப் பத்து வயது. செய்தி தாமதமாக வந்தது. தகனம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு, அதுதான் கருமாதிச் சாப்பாட்டுக்கு, அம்மாவின் மைனி, அண்ணன் பெண்ஜாதி, ஆள் அனுப்பியிருந்தாள். ‘வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போகச் சொல்லு.’ அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம், புழக்கடையில்தான் உட்கார வைப்பார்கள், எதுவும் முகத்தில் காட்டாதே என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே போனால் மைனி உள்கட்டில் இலை போட்டிருந்தாள். வீட்டுப் பெண்மக்கள் உட்காருகிற வரிசையில், இரண்டாவது இலை.

அம்மா இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தின்றாள். செத்தவருக்குப் படைத்துவிட்டு எடுத்து வந்த சோறு அது. படைத்த சோற்றை வேதக்காரர் தொடக்கூடாது என்பது சபைச் சட்டம். அவளுக்கும் அது தெரியும். இரண்டாவது தடவை சோறு வாங்கித் தின்றாள். நானும் தின்றேன். எரிசேரி மட்டும் மூன்று தடவை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். மறைக்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. உள்கட்டில் இலை போட்டதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியதை நான் கேட்டேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் கச்சேரியிலிருந்து நேரே ஐயர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

என் அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். கச்சேரிப் பேனாவால் வீட்டுக் கடுதாசி எழுதமாட்டார். பால்காரன் தெரியாமல் ஒரு ஆழாக்கு கூட ஊற்றிவிட்டால் பின்னாலேயே செம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். படைத்த சோற்றை டீக்கனுடைய பெண்ஜாதி தின்றதை டீக்கனே மறைத்தால் அது பொய் என்று அவருக்குப் பட்டது. போய்ச் சொன்னார். கமிட்டி கூடியது. சபைக்கு முன்னால் எழுந்து நின்று ‘தின்றது தப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதமே பந்தியில் சேர்ந்துகொள்ளலாம் என்று முடிவு.

அம்மா சொன்னாள், “அது எங்க அப்பா வீட்டுச் சோறு. பன்னெண்டு வருஷம் கழிச்சு உள்கட்டுல எலை போட்டிருக்கு. அதைத் தப்புன்னு எந்த வாயால சொல்லணும்? தின்ன வாயாலயா?”

அதோடு சரி. ஐயர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தார். அம்மா காப்பி கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் தின்னக்கூடாது என்று எழுதி வைத்த கமிட்டி, அவள் சுடக்கூடாது என்று எழுத மறந்துபோயிற்று. வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. அம்மாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். அவள் ஒவ்வொரு மாதமும் மாவு பிசைந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத் துணியில் சுற்றி அப்பா கையில் கொடுப்பாள். அப்பா முகம் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். கோயிலில் தட்டு வரும்போது அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு நேரே பார்ப்பாள். தட்டு தாண்டிப் போகும். அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்காக அப்பா கையை நீட்டிக் கொடுப்பார். அவருடைய கோட்டுக் கை அம்மாவின் முகத்துக்கு நேராகப் போய் வரும்.

வீட்டில் அவர்களுக்குள் பேச்சு இல்லாமல் இல்லை. குழம்பு, பிள்ளைகள் படிப்பு, கூரை ஒழுகுவது எல்லாம் பேசுவார்கள். இதை மட்டும் பேசமாட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் சபைமேல் இல்லை. தன்னிடம் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்தாரே, அந்த மனுஷன்மேல்தான்.

எனக்குப் பதினேழு வயதானபோது முழு அங்கத்தினராகச் சேர்ப்பதற்கு ஐயர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நாங்கள் ஐந்து பேர். பல வீட்டு ஆட்கள் ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்பதால் எல்லாரும் ஒரே உடம்பு என்று சொல்லிக்கொடுத்தார். நல்லாத்தான் சொன்னார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“ஐயரே, அப்பம் சுட்டவங்க அந்த உடம்புல சேர்த்தியா இல்லையா?” என்றேன்.

மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது ஒழுங்கு விஷயம், பிள்ளே.”

“அண்ணைக்கு நானும்தான் தின்னேன். எங்க அம்மாவை விடக் கூடவே தின்னேன்.”

“அப்போ நீ சின்னப் பிள்ளை” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மதிப்பு போகும் என்று அடக்கிக்கொண்டேன். சேரமாட்டேன் என்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “எனக்காக நீ பட்டினி கெடக்க வேண்டாம். போய்ச் சேரு” என்றாள்.

அந்த ஞாயிறு எனக்கு வெள்ளைத் தாவணி. புதிதாகச் சேருகிறவர்களை மேசைக்குப் பக்கத்தில், டீக்கன்மாரைப் பார்க்கிற மாதிரி குறுக்கே ஒரு பலகை போட்டு உட்கார வைத்தார்கள். முதல் அப்பம் எங்களுக்கு. ஐயரே கொடுத்தார். வாங்கினேன், வாயில் போட்டேன். அதன் ருசியை நான் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் என் கண் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தது. தட்டு அவளைத் தாண்டிப் போவதை முதல் தடவையாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். தட்டு தாண்டும்போது அம்மா கண்ணை இறுக மூடுவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் அது தெரியாது.

எல்லாருக்கும் கொடுத்து முடிந்தபின் டீக்கன்மார் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஐயர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். சபையும் கண்ணை மூடும். அந்த நேரத்தில் கடைசித் தட்டு, தலை குனிந்திருக்கிற டீக்கன்மாருக்குள் கைமாறும். கண்ணை மூடு என்றால் திறந்துவைக்கிற புத்தி எனக்கு. முதல் டீக்கன் எடுத்தார், தின்றார். இரண்டாமவர் எடுத்தார். தட்டு அப்பாவிடம் வந்தது. அப்பா அதை வாங்கினார், அடுத்தவருக்குக் கொடுத்தார். எடுக்கவில்லை. திராட்சரசப் பாத்திரமும் அப்படியே வந்தது, அப்படியே போனது. பிறகு எல்லாரையும்போல கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பால்காரனுக்கு ஆழாக்குப் பால் திருப்பிக் கொடுத்த மனுஷன் செய்கிற காரியமா அது? ஒன்றும் தின்னாத வாயை அவ்வளவு நிதானமாகத் துடைத்தார். பழகின கை. ஒரு நாள் இரண்டு நாள் பழக்கம் இல்லை.

மத்தியானம் அடுக்களையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவின் பிள்ளை அல்லவா, எனக்கும் மறைக்க வரவில்லை. அம்மா அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன்.”

அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாள். பரிமாறவில்லை.

“பந்தியில நீங்க எடுக்கதில்லையாமே.”

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கதவோரமாக நகர்ந்தேன்.

“எத்தனை நாளா?” என்றாள் அம்மா.

“நீ எடுக்காத நாள்லேருந்து.”

“என்னத்துக்கு?”

“எறங்கல்லை. அந்தத் தட்டை உன் முன்னால கொண்டுவந்துட்டு, திரும்பிப் போய் நான் மட்டும் தின்ன எனக்கு எறங்கல்லை.”

“அப்படி எறங்காதவரு அண்ணைக்கு ஏன் போய்ச் சொன்னிய?”

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, “சொல்லாம இருந்தாலும் எறங்கியிருக்காது” என்றார்.

அம்மா சோற்றுச் சட்டியைத் தரையில் வைத்தாள். பிறகு கேட்டாள், “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, உன்னை வழிக்குக் கொண்டுவர நான் பட்டினி கெடக்கேன்னு ஆயிரும். அதுக்காக நான் செய்யல்லை.”

அம்மா சோற்றைப் பரிமாறினாள். வழக்கமாக ஊற்றுவதைவிட அதிகமாக நெய் ஊற்றினாள். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அம்மா எங்களோடு அளந்துதான் பேசினாள். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அவள் எதையோ முடிவுகட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது, எது என்று தெரியவில்லை. எனக்கோ பயம். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நூறு தடவை யோசித்தேன்.

அடுத்த இராப்போஜனத்துக்கு முன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயத்தக் கூட்டம் வந்தது. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துக்கொண்டு பந்திக்கு வரவேண்டும் என்பதற்கான கூட்டம். ஐயர், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாட்டுப் பாடிவிட்டுக் கலைவோம். அன்றைக்கு அம்மா எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து அப்படி யாரும் எழுந்ததில்லை. டீக்கன்மார் பலகையில் அப்பா இருந்தார். அம்மாவின் கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. பிசைந்து மூடிவைத்துவிட்டு நேரே வந்திருந்தாள்.

“எங்க அப்பா வீட்டுல சோறு தின்னேன்” என்றாள். “அது தப்புன்னு எனக்கு இன்னும் தோணல்லை. தோணாததைச் சொன்னா பொய்யாயிரும். பொய் சொல்லதை எங்க வீட்டுல சம்மதிக்கமாட்டாவ.”

யாரோ இருமினார்கள். அம்மா தொடர்ந்தாள்.

“ஆனா எனக்காக ஒரு மனுஷன் ஏழு வருஷமா ஆண்டவர் பந்தியில ஒண்ணும் தின்னாம எந்திரிச்சுப் போறாவ. நான் பக்கத்துல இருந்துகிட்டு, இவருக்கென்ன, தின்னுட்டு வாறாருன்னு மனசுக்குள்ள ஏசிக்கிட்டு இருந்திருக்கேன். அது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கேன். சபைகிட்டயும் கேக்கேன், அவியகிட்டயும் கேக்கேன்.”

உட்கார்ந்துவிட்டாள். எல்லாருடைய தலையும் டீக்கன்மார் பக்கம் திரும்பியது. அப்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். கமிட்டியில் வயதான ஒருவர் எழுந்து, கேட்கச் சொன்னது இதற்கு இல்லையே, சோற்றுக்கு அல்லவா என்று ஆரம்பித்தார். ஐயர் ரொம்ப நேரம் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு மாதமும் கண்ணை மூடிக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால்தான் அவர் ஜெபித்திருந்தார்.

“போதும்” என்றார் ஐயர். “இனி யாரும் எதுவும் கேட்கவேண்டாம்.” பெரியவர் உட்கார்ந்தார். பாட்டு எண்ணைச் சொல்லவும் ஐயர் மறந்துபோனார். நாங்களாகவே ஒன்றை எடுத்துப் பாடினோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா தட்டோடு வந்தார். தட்டு நின்றது. அம்மா ஒரு துண்டு எடுத்தாள், ஆனால் வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அடுத்தவர்கள் எல்லாரும் தின்றுவிட்டார்கள். நான் முழங்கையால் இடித்தேன். அவள் அசையவில்லை. தட்டுகள் மேசைக்குத் திரும்பின. ஐயர் ஜெபம் செய்தார். அம்மாவும் நானும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தோம். கடைசித் தட்டு அப்பாவிடம் வந்தது. அப்பா தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தார். அவரும் கண்ணை மூடவில்லை. ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார். அப்புறம்தான் அம்மா கையைத் திறந்தாள்.

ஒரே உடம்பு என்று ஐயர் வகுப்பில் சொன்னது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ சபைகளில், எத்தனையோ கைகளிலிருந்து அப்பம் வாங்கியிருக்கிறேன். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் அதற்கு அர்த்தம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்தவன் தின்னாதபோது நமக்கு இறங்காமல் இருப்பதுதான் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். வெளியில் சொன்னதில்லை.

கோயில் விட்டு வெயிலில் நடந்தோம். எப்போதும் நாலடி முன்னால் போகிற அப்பா அன்றைக்கு எங்களோடு சேர்ந்து நடந்தார். பாதி வழியில் அம்மாதான் ஆரம்பித்தாள்.

“அப்பத்துல உப்பே இல்லை. கை தப்பிப் போயிருக்கு. எத்தனை வருஷமா இப்படிச் சுட்டுப் போட்டிருக்கேனோ. ஒருத்தராவது சொல்லப்படாதா? நீங்களாவது சொல்லியிருக்கலாம்.”

அப்பா குடையை மறு கைக்கு மாற்றி அம்மாவுக்கு நிழல் விழும்படி பிடித்தார்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.